பின்னாலிருந்து வந்த கை

ஒட்டகம் என்ற கைதியின் முழங்கை, 'இடி' டீச்சரின் தாடையில் இறங்கிய சத்தம் வகுப்பில் இருந்த அத்தனை கைதிகளுக்கும் கேட்டது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறித்தது போன்ற சத்தம். அடுத்தது கன்னத்தில் ஒரு குத்து. டீச்சர் சரிந்தபோது பெஞ்சின் விளிம்பு பின்மண்டையைப் பிளந்தது. கீழே கிடந்தவளின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி அவன் மறுபடியும் கையை ஓங்கினான். "நான்டா! நான்தான்டா!" என்று அவள் சொன்னது வாயில் நிறைந்த ரத்தத்தில் கொழகொழத்துப் போனது. அவிழ்ந்து தரையில் பரவிய நரைத்த கொண்டையைப் பார்த்த பிறகுதான் ஓங்கிய கை அப்படியே நின்றது. அதற்குள் வார்டர்கள் தடிகளோடு வந்துவிட்டார்கள். நின்ற கையைத்தான் அவர்கள் முதலில் அடித்தார்கள்.

டீச்சருக்கு இரண்டு கடைவாய்ப்பல் போயிற்று. தாடை விரிசல். பின்மண்டையில் தையல். ஆஸ்பத்திரியில் தலையோடு தாடையைச் சேர்த்துத் துணிபோட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பார்க்க வந்த தங்கச்சி, "செத்தவங்களுக்குத்தான்க்கா இப்படிக் கட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

"செத்தா சொல்லி அனுப்புறேன். இப்போ வாய மூடு" என்றாள் டீச்சர், பல்லைக் கடித்தபடி.

அவளுக்கு இடி என்று பெயர் வைத்தவர்கள் கைதிகள்தான். காரணம் தொண்டை. வகுப்பில் "உக்காருடா" என்று அவள் ஒரு சத்தம் போட்டால், கட்டடம் தாண்டிச் சமையற்கட்டில் நிற்கிறவனும் உட்கார்ந்துவிடுவான். கசாப்புக்கடைக்காரன் வீட்டில் பிறந்தவள். எலும்பு வெட்டும் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் அந்த வீட்டில் பசிக்கிறது என்பதையே சொல்ல முடியும். வாய்த்த புருஷன் லாரி ஓட்டினான். நேருக்கு நேர் நின்று அடிக்கத் துப்பில்லாதவன். அடுப்பைப் பார்த்து நிற்கிறவளின் முடியைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பான். ஒருநாள் அவள் கொதிக்கிற தண்ணீரோடு திரும்பினாள். அவனுக்குக் கழுத்திலிருந்து தொப்புள் வரை தோல் வழன்றது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே இருமிவிட்டுத்தான் உள்ளே வருவான். பிறகு ஏதோ ஒரு மலைப்பாதையில் லாரியோடு உருண்டு போய்ச் சேர்ந்தான். டீச்சர் அழுதாள். ரொம்ப நேரம் அழவில்லை.

முதலில் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்த்தாள். மேனேஜரின் மகன் சின்னப் பிள்ளை ஒன்றை மாடிப்படியில் தள்ளிவிட்டான்; இவள் அவனை ஓர் அறை விட்டாள். தள்ளினவன் உள்ளேயே இருந்தான், அறைந்தவள் வெளியே வந்தாள். ஜெயிலில் எழுத்தறிவு சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். யாரும் போகாத வேலை. போன முதல் நாளே ஒருவன் டப்பாவில் மூத்திரத்தைப் பிடித்து அவள்மேல் வீசினான். அவள் போட்ட சத்தத்தில் அவனே சட்டையைக் கழற்றித் தரையைத் துடைத்தான். அன்றிலிருந்து தொண்டைதான் அவளுக்குத் தடி.

பிறகு ஏன் அன்றைக்குக் கத்தாமல் ஒட்டகத்தின் தோளில் கையை வைத்தாள்? அதற்கு வெள்ளிக்கிழமைக் கூத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஜெயிலில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் நான்கு பேர். டீச்சர், தச்சுப் பட்டறை நடத்தும் மர மாஸ்டர், தையல் சொல்லிக்கொடுக்கும் தையலக்கா, கணக்கு வாத்தியார். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் அறையில் கூடுவார்கள். யார் வகுப்பில் அடிதடி நடந்தாலும் அங்கே அதைத் திரும்ப ஆடிக் காட்டவேண்டும். ஆரம்பித்து வைத்தவர் மர மாஸ்டர். ஒரு கைதி அவருடைய உள்ளங்கையில் உளியை இறக்கிய பிறகு, ஆளாளுக்கு அந்தக் கதையை வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். "வாயால சொன்னா எல்லாரும் வீரந்தான். ஆடிப் பாத்தாதான் எங்க கோட்ட விட்டோம்னு தெரியும்" என்றார் அவர். அந்தக் கூத்தில் ஒரு சட்டம் உண்டு. அடிபட்டவர் தானாக ஆடக்கூடாது. தன்னை அடித்தவனாகத்தான் ஆடவேண்டும். மர மாஸ்டரே கட்டுப்போட்ட கையோடு உளிக்காரனாக ஆடினார். ஆடிப் பார்த்தபோதுதான், தான் எல்லார் முன்னாலும் அவனைக் கிண்டல் செய்தது அவருக்குப் புரிந்தது.

அந்த அறையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து டீச்சரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, நீங்க கத்துறதுல என் ஆளுங்க ஊசிய வெரல்ல ஏத்திக்கிறாங்க" என்றாள் தையலக்கா.

"உங்க வகுப்போட நானும் சேந்து பாடம் படிச்சிட்டேன். இப்போ எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்" என்றார் கணக்கு வாத்தியார்.

மர மாஸ்டர் மட்டும் தன்மையாகச் சொன்னார். "கத்தினா சூடு ஏறுதுக்கா. என் பட்டறையில ஒருத்தன் மொறைச்சிக்கிட்டு நின்னா நான் பேசவே மாட்டேன். பின்னாடி போய் தோள்ல கைய வைப்பேன். அவ்வளவுதான். அடங்கிடுவான்." எழுந்து வந்து அவள் தோளில் கையை வைத்தும் காட்டினார். கனமான, சூடான கை. டீச்சருக்கே ஒரு நிமிஷம் உடம்பு தளர்ந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள். ஒட்டகம் பெஞ்சை விட்டு எழுந்து, பல்லி என்ற இன்னொரு கைதியைப் பார்த்து உறுமியபோது, தொண்டை வரை வந்த சத்தத்தை விழுங்கிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் பின்னால் போய்த் தோளில் கையை வைத்தாள். மர மாஸ்டர் சொன்னபடியே, அச்சு மாறாமல் செய்தாள்.

ஒட்டகம் என்பது கழுத்து நீளத்தால் வந்த பெயர். விடுதலைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இப்போது எல்லாமே டீச்சரின் வாயில் இருந்தது, அதுவும் கட்டுப்போட்ட வாயில். திங்கட்கிழமை சூப்பிரண்டு முன்னால் அவள் வாக்குமூலம் கொடுக்கவேண்டும். 'கொல்லப் பார்த்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒட்டகம் கிழவனாகித்தான் வெளியே வருவான். அந்த வார்த்தையைச் சொல்லுவதென்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். பல்லிருந்த இடத்தை நாக்கால் தடவும்போதெல்லாம் அவன் உள்ளேயே அழுகிச் சாகட்டும் என்று நினைத்தாள். நினைப்பு இனித்தது.

வெள்ளிக்கிழமை தங்கச்சி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "மண்டைய ஒடைச்ச எடத்துக்கே போறியே, உனக்கு சூடு சொரண இருக்காக்கா?"

"இருக்கு. அதனாலதான் போறேன். அவன என்ன செய்யப்போறேன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

பெஞ்சறையில் அவள் அதைச் சொன்னாள். மர மாஸ்டர் உடைந்த பெஞ்சு ஒன்றை இழுத்து நடுவில் போட்டார்.

"உக்காருங்க. நீங்கதான் ஒட்டகம்."

"நான் அந்த நாயா ஆட மாட்டேன்."

"சட்டம் போட்டப்ப நீங்களும் இருந்தீங்கக்கா. என் கையில ஓட்டையோட என்னை ஆட வெச்சீங்க. 'ஆடுய்யா, ரொம்பத்தான் பிகு பண்ற'ன்னு சொன்னது யாரு?"

அவள்தான் சொன்னாள். பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பல்லியாக ஆடியவர் கணக்கு வாத்தியார். அவர் தொப்பைக்கும் பல்லிக்கும் சம்பந்தமே இல்லை. சுவரை ஒட்டிய இடத்தில் போய்ச் சாய்ந்துகொண்டார். சண்டையே அங்கேதான் ஆரம்பித்தது. அது ஒட்டகம் எப்போதும் உட்காரும் இடம். முற்றத்தில் ஒருமுறை முதுகில் கத்தி வாங்கியவன் அவன். அதற்குப் பிறகு சுவரில் முதுகு படாமல் சோறுகூடத் தின்னமாட்டான். டீச்சருக்கும் அது தெரியும். வீம்பு என்று நினைத்திருந்தாள். அன்றைக்குப் பல்லி வேண்டுமென்றே அந்த இடத்தைப் பிடித்தான். இப்போது, அறையின் நடுவில், முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அந்த இடத்தின் அருமை முதுகில் உறைத்தது. கழுத்துக்குக் கீழே குளிர்ந்தது.

"என்னடா ஒட்டகம்," என்றார் கணக்கு வாத்தியார், "சொவரு உங்கம்மா சீதனமா கொண்டாந்ததா? உங்கம்மாவுக்கு ஏது சொவரு, அவ எந்தச் சொவத்துல சாஞ்சான்னு ஊருக்கே தெரியுமே." அந்தப் பயந்தாங்கொள்ளி வாத்தியாருக்கு வசை பேச அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. அடுக்கிக்கொண்டே போனார்.

டீச்சர் எழுந்து நின்றாள். நடிப்புத்தான் என்று தெரிந்தும் காது சூடாகிவிட்டது.

டீச்சராக ஆடிய மர மாஸ்டர் பின்னாலிருந்து வந்தார். தொம், தொம் என்று. தோளில் கை விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவள் மூச்சு இறங்கியது.

"இப்படி இல்ல" என்றாள்.

"எப்படி இல்ல? பட்டறையில இப்படித்தான் செய்றேன். உங்களுக்கும் இதத்தானே சொன்னேன்."

"நீ வர்றது எனக்குக் கேக்குது."

மர மாஸ்டர் தன் காலைக் குனிந்து பார்த்தார். கட்டை விழுந்து விரல் நசுங்கக்கூடாது என்று முனையில் இரும்பு வைத்த பூட்சு. ஒரு கால் வேறு ஊனம்; ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். பட்டறைக்குப் பலகைத் தரை.

"நான் கால தட்டியா நடக்குறேன்?"

"நீ மூத்திரம் போகப் போனாக்கூட யானை போற மாதிரிதான்யா போவ" என்றாள் தையலக்கா. "பட்டறையில பலகையே ஆடுமே. நீ எங்க நிக்கிறேன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவாங்க."

அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷமாகக் கைதான் வேலை செய்கிறது என்று நினைத்திருந்தார். கையை மட்டும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். கால் அவர் கணக்கிலேயே இல்லை.

"இன்னொரு தரம்" என்றாள் டீச்சர். "இவரு வேணாம். நீ வா." தையலக்காவைக் காட்டினாள்.

தையலக்கா துணிச்செருப்புக்காரி. பூனை மாதிரி நடப்பாள். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தாள், கணக்கு வாத்தியார் மறுபடி அம்மாவிலிருந்து ஆரம்பித்தார், டீச்சர் எழுந்தாள். எல்லாம் தெரிந்ததுதான். யார் வரப்போவது, எந்தக் கை, எந்தத் தோள், எல்லாம்.

கை விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை டீச்சர் பார்க்கவில்லை. முழங்கைதான் பார்த்தது. தையலக்காவின் மூக்கு முழங்கைக்கடியில் நொறுங்கியது. பின்னாலேயே டீச்சரின் முஷ்டி அவள் கண்ணில் விழுந்தது. உடைந்த பெஞ்சுகளின்மேல் மல்லாந்தவளின் மீது ஏறி உட்கார்ந்து டீச்சர் அடித்தாள். அவளுக்கு அடுப்படி வாடை அடித்தது, லாரி டீசல் வாடை அடித்தது. கீழே இருந்து ஒரு குரல், "அக்கா, நான்தான்! நான்தான்க்கா!" என்று குமிழியிட்டது. மர மாஸ்டர் இடுப்போடு பிடித்துத் தூக்கியபோதும் அவள் கால்கள் காற்றில் உதைத்தன.

அறை முழுவதும் மூச்சுச் சத்தம். டீச்சரின் தலைக்கட்டு நனைந்து சிவந்திருந்தது, தையல் பிரிந்துவிட்டது. தையலக்கா முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் ஆடுறீங்க" என்றாள்.

கணக்கு வாத்தியார் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தார். இப்போதுதான் பல்லி மாதிரி இருந்தார்.

மர மாஸ்டர் கவிழ்ந்த பெஞ்சை நிமிர்த்திக்கொண்டே, "எம் பேர சொல்லுங்க திங்கட்கெழம. நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றார்.

"உன் பேரச் சொல்லி? உன்ன உள்ள போட்டுட்டா பட்டறைக்கு யாருய்யா வருவா? சும்மா கெட." டீச்சர் தரையில் ரத்தம் துப்பினாள். "என் பல்லு ரெண்டு போயிருக்கு. அவன் வேணும்னு அடிக்கலன்னா அது மொளைச்சிடுமா?"



போகிற வழியில் தனிக்கொட்டடிக்குப் போனாள். காவலுக்கு இருந்த மீசை வார்டர் எழுந்து நின்று பல்லைக் காட்டினான். "வாங்க டீச்சர். உங்களுக்காக நல்லா கவனிச்சிருக்கோம். வந்து பாருங்க." கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிறவனைப் போல முன்னால் நடந்தான்.

கம்பிக்குப் பின்னால் மூலையில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தவனுக்கு முகம் என்று ஒன்றுமில்லை. ஒரு கண் வெங்காயம் மாதிரி வீங்கி மூடியிருந்தது. ஒரு காதிலிருந்து சீழ் வடிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. ஓங்கிய கை மணிக்கட்டில் வீங்கித் தொங்கியது. கழுத்தை வைத்துத்தான் ஒட்டகம் என்று தெரிந்தது.

"டேய்."

"இந்தப் பக்கம் பேசுங்க டீச்சர். அந்தக் காது கேக்கல."

அவள் இடம் மாறி நின்றாள். "பின்னாடி கை வெச்சது யாருன்னு தெரியுமா உனக்கு அப்போ?"

"தெரியாது."

"நான்னு தெரிஞ்சிருந்தா?"

அவன் யோசித்தான். "மெதுவா அடிச்சிருப்பேன்."

சிரிப்பு வந்தால் தாடை வலிக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வலியில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பொய் மன்னிப்பு அந்த இடத்தில் நிறையவே புழங்கும். இன்னும் இரண்டு எதற்கு?

திங்கட்கிழமை சூப்பிரண்டு அறையில் குமாஸ்தா எழுதக் காத்திருந்தான். மீசை வார்டர் கதவருகில் விறைத்து நின்றான்.

"கொல்லணும்னு அடிச்சானாம்மா?" என்று கேட்டார் சூப்பிரண்டு. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. ஆமாம் என்ற பதிலுக்காகப் பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

"இல்லய்யா. சத்தமில்லாம பின்னாடி போய் தோள்ல கை வெச்சேன். முதுகுல குத்து வாங்கினவன். திரும்பி அடிச்சான். என்னைப் பாத்ததும் நிறுத்திட்டான். நீங்க கை வெச்சிருந்தாலும் அடிச்சிருப்பான்."

"கைதியத் தொடக்கூடாதுன்னு விதி இருக்கே, தெரியுமா தெரியாதா?"

"தெரியும். தொட்டேன். எழுதிக்கோங்க."

"உங்க மேல நடவடிக்கை வரும்."

"வரட்டும். இதையும் எழுதிக்கோங்க. அவன் கை நின்னப்புறம்தான் அடிச்சாங்க. கொட்டடியில போட்டு அடிச்சாங்க. காது போச்சு. எனக்காக அடிச்சதா இந்த மீசைக்கார தம்பி என்கிட்ட பெருமையா சொன்னாரு. நான் யாரையும் எனக்காக அடிக்கச் சொல்லல. அடிக்கணும்னா எனக்கே கை இருக்கு."

குமாஸ்தாவின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது. மீசை வார்டர் அவளைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டுக்கொண்டு.

டீச்சருக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. மீசைக்குப் பதவி உயர்வை நிறுத்தி, வாசல் காவலுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் நாற்காலி பறந்தாலும் எந்த வார்டரும் ஓடி வரவில்லை. வராந்தாவில் நின்று நகம் கடித்தார்கள். ஒருநாள் பல்லியின் தலையில் ஒருவன் ஸ்லேட்டை உடைத்தபோது டீச்சரும் மர மாஸ்டரும்தான் பிரித்துவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை, அடிபட்ட பல்லிக்குப் பதிலாக ஸ்லேட்டுக்காரனாக டீச்சர் ஆடினாள். மூக்கில் பிளாஸ்திரியோடு வந்த தையலக்கா, "நான் இன்னிக்கு பார்க்க மட்டுந்தான்" என்று வாசலோடு நின்றுகொண்டாள்.

ஒட்டகம் வெளியேறும் காலை வந்தது.

தாடைக் கட்டு இன்னும் அவிழவில்லை. டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி ஜெயில் வாசலை நோக்கி நடந்தபோது, பெரிய கதவுக்குள் இருக்கும் சின்னக் கதவு திறந்தது. ஒட்டகம் துணி மூட்டையோடு குனிந்து ஒரு காலை வெளியே வைத்தான். மறு கால் உள்ளே. வெயிலுக்குக் கண் கூசி அப்படியே நின்றான்.

அவனுக்குப் பின்னால் மீசை வார்டர் வந்துகொண்டிருந்தான். டீச்சர் முதலில் பார்த்தது அவன் கால்களை. வெறுங்கால். பூட்சு இரண்டையும் கழற்றி இடது கையில் பிடித்திருந்தான். வலது கை முன்னால் நீண்டிருந்தது, தோள் உயரத்துக்கு.

வாசலில் வைத்து ஒட்டகம் ஒரு வார்டரை அடித்தால் போதும். அந்தக் கதவு அப்படியே உள்பக்கமாகச் சாத்திக்கொள்ளும்.

கத்த வாயைத் திறந்தாள். கட்டு விடவில்லை, தொண்டையில் ஒரு முனகல்தான் வந்தது. ஓடினாள். ஒட்டகத்தின் கண்ணுக்கு நேராகப் போய், இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னாடி ஒருத்தன் வர்றான்" என்றாள் பல்லிடுக்கில். "தொடுவான். அசையாத."

அவன் செவிட்டுக் காதைத் திருப்பி நல்ல காதைக் கொடுப்பதற்குள் கை தோளில் விழுந்தது.

அவனுடைய உடம்பு முழுவதும் கயிறு அறுந்த மாதிரி துள்ளியது. முழங்கை பின்னால் போகப் பார்த்தது. டீச்சர் தன் கனம் மொத்தத்தையும் போட்டுத் தொங்கினாள். அவளுடைய கட்டைவிரல் அவன் பிடியில் மாட்டிப் பின்பக்கமாக மடங்கியது. உள்ளே ஏதோ நொறுங்கியதை இருவருமே உணர்ந்தார்கள். அவன் நெற்றி அவள் நெற்றியில் மோதியது. கண் இருட்டியது. விடவில்லை. பின்னால் சாய்ந்தாள், குதிகாலை ஊன்றி இழுத்தாள். அவன் வாயிலிருந்து மாடு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான் வந்தது. கை வரவில்லை.

"என்ன டீச்சர்," என்றான் மீசை, கையை எடுக்காமல், "மறுபடியும் கைதியத் தொடுறீங்க?"

டீச்சர் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"கைதி இல்ல. ரெண்டு காலும் வெளிய இருக்கு. கைய எடு. பூட்ச போட்டுக்க, கல்லு குத்தும்."

மீசையின் கை விலகியது. கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஒட்டகத்தின் துணி மூட்டை காலடியில் கிடந்தது. டீச்சர் இன்னும் அவன் மணிக்கட்டை விடவில்லை. கட்டைவிரல் விரல் மாதிரியே இல்லை.

"விடுங்க டீச்சர்," என்றான் அவன், "பஸ்ஸு போயிடும்."